முன்வரிசையில் என் வாசம்

1934 ஜூன் 6, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் புதிதாகக் கலந்தேன். ரோசா எண்ணெய் நான்கு துளி, ஜெரேனிய எண்ணெய் ஆறு, மிச்சம் சந்தன எண்ணெய். ஜெரேனியம் ஒரு செடி. எண்ணெய் இறக்குவது அதன் இலையிலிருந்து. ரோசாவைப் போலவே மணக்கும், கூடவே கொஞ்சம் முறைக்கும். வியாபாரிகள் அதை ரோசாவுக்குள் கள்ளமாக விட்டு ரோசா விலைக்கு விற்கிறார்கள். நான் கலந்ததைக் குப்பியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பூசியவுடன் பச்சை இலை, எலுமிச்சைத் தோல். அரை மணித்தியாலத்தில் ரோசா எழும்பியது, சிறு காரத்தோடு. கச்சான் காற்று அனலாக அடித்தும் மஃரிபுத் தொழுகை வரை நின்றது. அதன் பிறகு சந்தனம் மட்டும். போன கிழமை தனி ரோசாவைப் பூசிப் பார்த்தேன். இந்த வெக்கையில் அது சீனிப்பாகு போல இளகி, தலையிடி தந்தது. இலை சேர்ந்தால்தான் ரோசாவுக்கு முதுகெலும்பு.

ஐம்பத்தொரு வயதில், பெண்சாதி மௌத்தாகி மூன்று வருடத்துக்குப் பிறகு, இந்த மனிசன் யாருக்கு மணக்கப் பூசுகிறான் என்று ஊரில் கேட்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிஸ்பென்சராக இருபத்தேழு வருடம் கார்போலிக் நாறியவன் நான். எனக்காகத்தான் பூசுகிறேன்.

ஜூன் 8, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். முன் ஸப்பில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். இமாமுக்கு நேர் பின்னாலுள்ள அந்த வரிசையில் என் மாமா இருந்த இடம் அது. அஹமட் லெவ்வை வந்து தலைக்கு மேல் நின்றான்.

"காக்கா, இங்கிலீசுச் சென்ட்டுல சாராயம் இரிக்கி. அது நஜீஸ், அசுத்தம். அதைப் பூசிக்கிட்டு முன் ஸப்புல நிக்கேலா. பின்னுக்குப் போங்க."

"இது எண்ணெய். நான் கலந்தது."

"நீங்க கலந்ததுதானே பயம்!"

சிரித்தார்கள். நான் அசையவில்லை. தொழுகைக்கு எழும்பியபோது என் இரு பக்கமும் ஒவ்வொரு முழம் வெறுமையாகக் கிடந்தது. தோளோடு தோள் நிற்க வேண்டிய இடத்தில்.

அஹமட் லெவ்வை என் சாச்சியின் மகன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவன். பள்ளிவாசலில் எங்கள் குடிக்குத் தலைவனான மரைக்கார் அவன்தான். மரைக்கார் இடம் தாய்வழியில் இறங்குவது. மாமாவுக்குப் பிறகு மூத்த சகோதரியின் மூத்த மகனுக்கு. அது நான். பதின்மூன்று வருடத்துக்கு முன் மாமா மௌத்தானபோது, இவன் இங்கிலீசு படித்தவன், கால்சட்டை போடுகிறவன் என்று சொல்லி என்னைத் தாண்டி இளையவளின் மகனுக்குக் கொடுத்தார்கள். அன்று தலையாட்டியவர்களின் பெயர்களை நான் மறக்கவில்லை. இன்று சிரித்ததும் அவர்களேதான்.

ஜூன் 9, சனி

அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "காக்கா சென்ட்டை விட்டாத்தான் நான் காவினுக்கு வருவன்."

மகள் ஸஹீதாவின் கல்யாணம் ஓகஸ்ட் ஐந்தாம் திகதி. மாப்பிள்ளை றவூப், ஏறாவூர்ப் பையன், நல்லவன். குடி மரைக்கார் சபையில் வந்திருந்து சம்மதம் சொல்லாமல் எங்கள் ஊரில் காவின் என்ற கல்யாணப் பதிவை எழுத மாட்டார்கள். அது தெரிந்துதான் கழுத்தில் கயிறு போடுகிறான்.

ஸஹீதா மீன் அரிந்துகொண்டே சொன்னாள்: "வாப்பா, ரெண்டு மாசம் பூசாம இரிங்களேன். கல்யாணம் முடிஞ்சாத் தலையோட ஊத்துங்க."

"விட்டா அவன் சொன்னது சரியெண்டு ஆகும்."

"ஆகட்டுமே. அது எண்ணெய் எண்டு எனக்குத் தெரியும்தானே."

அவளை ஏசினேன். அவள் மீனைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அவளுடைய தாயும் அப்படித்தான், வாதத்தில் வென்றவுடன் எழும்பிப் போய்விடுவாள்.

ஜூன் 12

பூசினேன். ஒரு துளி கூடுதலாக.

ஜூன் 15, வெள்ளி

மறுபடி முன் ஸப்பு. மறுபடி அஹமட் லெவ்வை. இந்த முறை நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "ஒரு கோப்பை தண்ணி கொண்டு வாங்க. ஸ்பிரிட்டுல கரைச்ச வாசம் தண்ணில விழுந்தாப் பால் மாதிரிக் கலங்கும். எண்ணெய் எண்டா மிதக்கும். கண்ணால பாருங்க."

"பள்ளிவாசல் என்ன உங்கட மருந்துக் கூடமா காக்கா?"

தொழுமுன் கைகால் கழுவி வுளூச் செய்யும் ஹவ்ளுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. முன்னூறு ஆண்களில் ஒருவர்கூட எழும்பி ஒரு கோப்பை எடுக்கவில்லை. நானே போய் அள்ளியிருக்கலாம். இடத்தை விட்டு எழும்பினால் இன்னொருவன் உட்கார்ந்துவிடுவான் என்று இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஜூன் 19, செவ்வாய்

புளியந்தீவுக் கடைத்தெருவில் அசனாரின் அத்தர்க் கடைக்குப் போனேன். என்னோடு ஓதியவன். வாசத்தில் அவன் மூக்கை மட்டும் மதிக்கிறேன். புறங்கையில் தடவிக்கொண்டு வெயிலில் போய் நின்றான், திரும்பி வந்து இரண்டு பேருக்குச் சாமான் கொடுத்தான், பிறகுதான் முகர்ந்தான்.

"மச்சான், ரோசா நல்ல சாமான். ஆனா இலை தூக்கலா இரிக்கி. முதல்ல வாசலுக்கு வந்து நிண்டு ஏசிப்போட்டுத்தான் ஆளை உள்ளுக்குக் கூப்பிடுது."

"அதுக்கென்ன?"

"ஒண்டுமில்ல. ஆளைப் போலதான் அத்தரும் எண்டு சொன்னன்." சிரித்துவிட்டு மறுபடி முகர்ந்தான். "பொய் இல்ல மச்சான். சாராயமும் இல்ல. நான் வேணுமெண்டாச் சத்தியம் பண்ணுவன். ஆனா உன்ட புள்ளைட கல்யாணம்…"

"நீயும் அஹமட் லெவ்வைட ஆளா?"

"அவரா? அவரு பள்ளிக்கு என்னட்ட அத்தர் வாங்குறதை விட்டு அஞ்சு வருஷம். என்ட எண்ணெய் வீச்சுக் காணாதாம், மணம் தூரத்துக்குப் போகாதாம். கொழும்பில இருந்து பெரிய போத்தல்ல எடுப்பிக்கிறாரு."

அசனாரின் முகத்திலும் ஒரு வருத்தம் கிடக்கிறது. எனக்கு அது கொஞ்சம் சுகமாக இருந்தது. ஏன் பொய் எழுத வேண்டும்?

ஜூன் 25, திங்கள்

நபி பிறந்த நாள். பள்ளிவாசலில் மௌலிது ஓதினார்கள். முடிவில் பள்ளி அத்தரை அஹமட் லெவ்வையே ஒவ்வொருவர் கையிலும் தடவிக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் குப்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டான். பாங்கு சொல்லும் மோதினாருக்கு மனம் பொறுக்கவில்லை போலும். போத்தலில் விரலைத் தோய்த்து வந்து என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார்.

குளிர்ந்தது.

எண்ணெய் குளிராது. ஊசி போடுமுன் பஞ்சால் துடைக்கிறோமே, அந்தக் குளிர். இருபத்தேழு வருடமாக என் விரல் நுனிக்குத் தெரிந்த குளிர்.

"பறக்கத்துக்கு வீட்டுக்கும் கொஞ்சம் தாங்க" என்று சட்டைப் பையிலிருந்த வெறுங்குப்பியை நீட்டினேன். பாவம், மனிசன் சந்தோசமாக ஊற்றித் தந்தார்.

வீட்டில் கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, அந்த அத்தரைத் துளி துளியாக விட்டேன். நாலாவது துளியில் தண்ணீர் பாலாகக் கலங்கியது. பீங்கானில் கொஞ்சம் ஊற்றி நெருப்புக் குச்சி காட்டினேன். நீலமாக எரிந்தது! அதே பீங்கானைத் துடைத்து என் அத்தரை ஊற்றிக் குச்சி காட்டினேன். குச்சி அதற்குள் அணைந்தது.

ஐந்து வருடமாக ஊருக்கெல்லாம் ஸ்பிரிட்டைத் தடவிவிட்டு, என்னைப் பின்னுக்குப் போ என்கிறான்! அஹமட் லெவ்வை, இனி யார் பின்னுக்கு?

ஜூன் 26

வெள்ளி வரட்டும். கோப்பையையும் தண்ணீரையும் நானே கொண்டு போகிறேன். எதைச் சொல்லித் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். பதின்மூன்று வருடம்.

ஜூன் 27, புதன்

இதை எப்படி எழுதுவது.

ஸஹீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெச்சுவாள் என்று நினைத்தேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்:

"வாப்பா, உம்மாட கபனுக்குப் பூசினது பள்ளி அத்தர்தானே?"

ஓம். அதுதான். பிரேதத்துக்குச் சுற்றும் கபன் துணியில் கற்பூரத்தோடு அத்தரும் பூசித்தான் எங்கள் ஊரில் மையித்தைத் தூக்குவோம். பள்ளியிலிருந்து போத்தல் வரும். அன்றைக்கும் வந்தது. நானே வாங்கி உள்ளே கொடுத்தேன் — இந்தக் கையால். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு மூக்கு எங்கே இருந்தது? மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. அவளைப் போய் இப்படி அனுப்பிப்போட்டேனே. நானல்லவா டிஸ்பென்சர். எனக்கல்லவா தெரிந்திருக்க வேணும்.

அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை. மார்க்கக் கிதாபில் உள்ளதுதான், எனக்கும் தெரியும். ஸஹீதாவுக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். கிதாபு தெரிந்த எனக்கே இப்படி என்றால்…

ஐந்து வருடம். அந்தப் போத்தல் போகாத வீட்டு வளவு உண்டா? அம்மை போட்ட வருடம் ஒரே கிழமையில் எத்தனை பிள்ளைகள். வெள்ளிக்கிழமை நான் கோப்பையைத் தூக்கிக் காட்டினால் அஹமட் லெவ்வை விழுவான். நிச்சயம் விழுவான். அன்றைக்கு அஸர்த் தொழுகைக்கு முன் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் சமையலறைக்குள் போய் அழுவாள்.

மனசே, விட்டுவிடு என்கிறாயா? யார் சொன்னது விடச் சொல்லி? நான் விட மாட்டேன்.

ஜூன் 28, வியாழன்

லுஹர்த் தொழுகைக்குப் பிறகு அவன் வீட்டுக்கே போனேன். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை. கையில் கோப்பை, இரண்டு குப்பி.

"என்ன காக்கா, மருந்துக் கூடத்தை வீட்டுக்கே கொண்டு வந்திட்டீங்க?"

முதலில் என் அத்தரை விட்டேன், மேலே மிதந்தது. தண்ணீரை மாற்றி மற்றதை விட்டேன். கலங்கியது.

"இது என்ன?"

"பள்ளி அத்தர். மோதினார் தந்தது. நம்பாட்டி உன்ட போத்தலைக் கொண்டா."

கொண்டு வந்தான். அறபியில் எழுதிய தாள் ஒட்டிய பெரிய மண்ணிறப் போத்தல். தானே விட்டுப் பார்த்தான். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாம் முறை கோப்பை சரிந்து தண்ணீர் பாயில் சிந்தியது.

"அறபில எழுதியிரிந்திச்சி காக்கா. அறபில எழுதினா…" நிறுத்தினான். பிறகு மிகச் சின்னக் குரலில், "என்ட உம்மா" என்றான்.

அவனுடைய உம்மா என் சாச்சி. போன மாசியில் போனாள். எனக்குத் தலை வாரிவிட்டவள்.

"ஊருக்குச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன், உனக்காக இல்லை என்றும் சொன்னேன். மாப்புக் கேட்டான். கொடுக்கவில்லை. அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: நாளைக்குப் பூசிக்கொண்டுதான் வருவேன். முன் ஸப்பில்தான் நிற்பேன். என் பக்கத்தில் நீ நிற்க வேணும், தோள் முட்ட. இனிமேல் பள்ளி அத்தரை நான் கலப்பேன்.

"ஆக்களுக்கு என்ன சொல்ற?"

"ஒண்டும் சொல்லாதே. போத்தல் அதேதான். ஒருத்தரும் அறியத் தேவையில்ல."

போத்தலைத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். வளவில் குழி தோண்டி ஊற்றி மூடினேன். போத்தலை ஏழு தடவை கழுவினேன். ஸஹீதா தண்ணீர் ஊற்றினாள்.

ஜூன் 29, வெள்ளி

நின்றான். தோள் முட்டியது. ஸலாம் சொன்னான், பதில் சொன்னேன். ஸலாத்துக்குப் பதில் கடமை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஜூலை 13, வெள்ளி

புதிய பள்ளி அத்தர் இன்று முதல் தடவையாகச் சுற்றி வந்தது. நாலு பங்கு ரோசா, ஆறு பங்கு இலை. ஒரு துளியும் குறைக்கவில்லை. முன்னூறு பேரும் என்னைப் போல மணந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தொழுகையில் கவனம் இருந்தது என்று எழுதினால் பொய்.

ஓகஸ்ட் 6, திங்கள்

நேற்று ஸஹீதாவின் காவின் முடிந்தது. அஹமட் லெவ்வை சபையில் வந்திருந்து சம்மதம் சொன்னான். றவூபின் ஆட்கள் அத்தரை முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். "உங்கட பள்ளி அத்தர் வெகு திறம், எங்க எடுக்கிற?" என்று ஏறாவூர்க்காரர் ஒருவர் கேட்டார். அஹமட் லெவ்வை பாயின் ஓரத்தைப் பார்த்தான்.

அப்போது முஹம்மட் எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பதின்மூன்று வருடத்துக்கு முன் தலையாட்டியவன். ஜூன் மாதம் ஜும்ஆவில் என்னை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றவன். அதே ரோசாவும் இலையும் பூசிய என் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, சபைக்கே கேட்கும்படி சொன்னான்:

"இப்பதான் காக்கா மனிசன் மாதிரி மணக்கிறீங்க! அந்த நாசமாப் போன சென்ட்டை விட்டீங்களே, மரைக்கார்ட சொல்லைக் கேட்டு. அதுதான் அழகு. இல்லாட்டி இந்தக் கல்யாணம் நடந்திரிக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இப்போது ஏசுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். என் நாவைத் தெரிந்தவர்கள். அஹமட் லெவ்வை மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவனுடைய காது மடல் சிவந்திருந்தது. அவன் வாய் திறக்கப் போகிறான் என்று கண்டு, நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் தம்பி" என்றேன். "விட்டிட்டன்."

திரைக்கு அந்தப் பக்கம் மணப்பெண் சிரித்தது சபைக்கே கேட்டது. யாரோ ஒரு கிழவி அவளை ஏசினாள்.