பேரீச்சம்பழம் வேண்டாம்

கூத்தாநல்லூர்,
பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சைபுல்லாவுக்கு,

அம்மா சைத்தூன் பீவியின் சலாமும் துஆவும். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போடச் சொல்லி உன் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழக் கூடாதது கொஞ்சம் இருக்கிறது. லீவில் வந்த உன் அறைக் கூட்டாளி அஸார் நாளை துபாய்க்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மனைவி ரிஃப்கா நலம். மூன்று வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்துகிறாள், பாவம்.

வீட்டில் இப்போது இரண்டு சமையல். அத்தாவுக்கான காயை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறோம். சத்தைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் போடுகிறாயே என்று முறைக்கிறார். எனக்கு மட்டும் ஆசையா? காய், பழத்தில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதாம். நமக்கெல்லாம் அது சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் கெட்ட அத்தாவுக்கு ரத்தத்திலேயே தேங்கி, அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும் என்றார் டாக்டர். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாயைக் கட்டித்தான் ஆக வேண்டும். சிறுநீரகம் கெட்டது, லாரி ஓட்டிய காலத்தில் முதுகுவலிக்கு அவராகக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள் செய்த வேலையாம். நீயும் தொட்டதற்கெல்லாம் மாத்திரை போடுகிறவன். விட்டுவிடு.

சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் புரியவில்லை. பார்க்க வருகிறவர்கள் இளநீரும் கையுமாக வருகிறார்கள். அதுவும் அவருக்கு ஆகாது. அத்தாவின் தங்கை கமருன்னிஸா மாமி கொண்டுவந்ததை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். “புருசனுக்கு எளநிகூடக் குடுக்க மாட்டேங்குறா” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். கெட்ட பேர் எனக்குப் புதிதில்லை.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் உன் பெட்டி வந்தது. பேரீச்சம்பழத்தைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடும்படி ரிஃப்காவிடம் சொன்னேன். அத்தா நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், நோன்பு திறக்கும் நேரம் எங்களோடு வந்து உட்காருவார். ஒருநாள் காலையில் கைகால் துவண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உன்னிடம் லேசான மயக்கம் என்றோமே, அது இதுதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள். வீடு திரும்பிப் படுக்கையை உதறினால் தலையணைக்கடியில் ஒரு கைப்பிடி பேரீச்சங்கொட்டை.

வந்த கோபத்தில் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். நீங்கள் என்ன சின்னப் பிள்ளையா என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “எம்புள்ள கையால எடுத்து வச்சு அனுப்புனதுல்ல, சைத்தூன்” என்றார். அடுப்படியில் போய் அழுதேன்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தெரியாமல், நல்லதென்று நினைத்து அனுப்பினாய். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பிள்ளையின் பிழைப்பு கெடும், அவனை வரச் சொல்லாதே என்று அத்தா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். அதனால் நான் வரச் சொல்லவில்லை.

இனிமேல் பழம், பாதாம், பிஸ்தா எதுவும் அனுப்பாதே. உடம்பு முடியாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான்தான். இந்த ஒருவரைப் பார்க்க மட்டும் வெறுங்கையோடு வரலாம், தப்பில்லை.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கித் தருவானாக.

உன் அம்மா,
சைத்தூன் பீவி