இன்னும் முடியாத மேல்முறையீடு

மாப்ள,

இன்று மதியம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருந்ததாம். பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவர், கிரீஸ் படிந்த கையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை ஜன்னல் வழியே ஏறியதும் நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். பக்கத்து இருக்கையில் உன் மனைவி.

எல்லையில், பனிமலை மேல் நம் பட்டாளத்துக் காவல்சாவடி முழுக்க அந்த வாசனைதானே. மண்ணெண்ணெய் அடுப்பில் பனிக்கட்டியை உருக்கித்தான் குடித்தோம். துப்பினால் எச்சில்கூடக் கறுப்பாக விழும். ஒரு காலை, அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்த நீ அப்படியே சரிந்தாய். கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் கத்தினேன். வானம் தெளிந்து ஹெலிகாப்டர் வரும்வரை கத்திக்கொண்டே இருந்தேன்.

மூளையில் இரத்தம் உறைந்துவிட்டது, அந்த உயரத்தில் இப்படி ஆவதுண்டு என்றார் முதலில் பார்த்த மருத்துவர். உன்னை ஊருக்கு அனுப்பிய மருத்துவக் குழுவோ, இது உன் உடல்வாகால் வந்தது, பணியால் வந்ததல்ல என்று எழுதிவிட்டது. பட்டாளத்தில் சேரும்போது தட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று உன்னை எடுத்துக்கொண்டவர்களும் ராணுவ மருத்துவர்கள்தான்.

பிறகு பாங்கு ஒன்றில் காவலாளி வேலை கிடைத்தது. வாசலிலேயே வலிப்பு வந்தது, வேலையும் போயிற்று. அந்த மருத்துவக் குழு எழுதியதைக் காட்டி ஊனத்துக்கான ஓய்வூதியத்தை மறுத்தார்கள்; நீ வழக்குப் போட்டாய். ராணுவத் தீர்ப்பாயத்தில் ஜெயித்துவிட்டு பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கிய அன்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பாதுகாப்பு அமைச்சகம் மேல்முறையீடு செய்துவிட்டது.

“நான் என்ன எதிரி நாட்டுக்காரனா மாப்ள?” என்று கேட்டாய்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் செலவுகளை ஆராயும் நாடாளுமன்றக் குழு பெங்களூருக்கு வந்தபோது, முன்னாள் ராணுவத்தினர் சங்கம் நம் இருவரையும் பேச அனுப்பியது. இஸ்திரி போட்ட சட்டையில் நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றாய். தமிழ் தெரிந்த பெண் உறுப்பினர் ஒருவர், “உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க” என்றார்.

“நான் பொய் சொல்லலைன்னு அவுங்க ஒத்துக்கிட்டாப் போதுங்கம்மா.”

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு அமைச்சக அதிகாரியிடம் திரும்பி, சொந்தச் சிப்பாய்களுக்கு எதிராக இப்படி வழக்கு நடத்த வக்கீல்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டார். அந்தக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை என்றார் அதிகாரி.

வெளியே படியிறங்கும்போது நீ சிரித்தாய். “ஒரு துப்பாக்கி ரவை காணாமப் போனதுக்கு நம்ம கம்பெனி சிப்பாய்ங்க அத்தனை பேரையும் வெயில்ல நிக்க வெச்சாங்களே, ஞாபகமிருக்கா? இதுக்குக் கணக்கு இல்லியாமா!” சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தக் குழுவின் அறிக்கை வருவதற்குள் நீ போய்விட்டாய். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவனுக்கு வாய்க்காலிலேயே வலிப்பு வந்திருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர். குப்புறக் கிடந்த உன்னை உன் மனைவிதான் தூக்கினாள்.

அறிக்கையில் நமக்காக எழுதியிருந்தார்கள் மாப்ள. ஊனமுற்ற வீரர்களை நீதிமன்றம் நீதிமன்றமாக இழுக்கக்கூடாது, இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிட வேண்டும் என்று. கவனத்தில் கொள்ளப்பட்டது என்று அமைச்சகம் பதில் சொன்னது. அவ்வளவுதான். குழு பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாதாம். இன்று சேலத்தில் வக்கீல் சொன்னார், வழக்கு தொடர்கிறது என்று. உன் பெயர் இருந்த இடத்தில் இனி உன் மனைவியின் பெயர்.

பஸ் நகரத் தொடங்கியதும் அவள் கேட்டாள்.

“அவரே போயிட்டாருங்கண்ணா. இன்னும் யாரை ஜெயிக்கோணும்னு இவுங்க கேஸ் நடத்தறாங்க?”

வக்கீல் கொடுத்த காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஊரில் இறங்கும்போது, “அடுத்த வாய்தாவுக்கு ஹைகோர்ட்டுக்கும் வருவீங்களாண்ணா?” என்றாள்.

“வர்றேம்மா” என்றேன்.

வருவேன். ஆனால் போன மாதம் டாக்டர் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அதை அவளிடம் சொல்லவில்லை. நீ விழுந்த அந்தக் காலையைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். தினமும் விடிந்ததும் அதை முதலிலிருந்து கடைசிவரை எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சொல்லும் மறந்துவிடக்கூடாது. கோர்ட்டில் அவர்கள் கூப்பிட்டுக் கேட்கும் வரையாவது நான் உயிரோடு இருக்க வேண்டும்.