வலிக்கு என்ன சாப்பிடுறீங்க?

ஆகஸ்ட் 9

எழுந்திருக்கவே முடியவில்லை. இடது இடுப்பில் ஆணி அடித்த மாதிரி. மனைவி யமீனா கஞ்சா இலை காய்ச்சிய ஒலிவ எண்ணெயைத் தேய்த்துவிட்டு, லேகியத்தில் ஒரு உருண்டை கொடுத்தாள். பேரீச்சம்பழம், தேன், எங்கள் நிலத்துக் கஞ்சாவான கீஃப். மதியம் லுஹர் தொழுகைக்குள் வலி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"தெத்துவான் டவுனுக்குப் போய் டாக்டரைப் பாருங்க" என்கிறாள். எப்படிப் போவேன்? கஞ்சா பயிரிடுகிறேன் என்று எவனோ மொட்டைக் கடுதாசி போட்டதில் பத்தொன்பது வருஷமாக என்மேல் வாரண்டு. அடையாள அட்டை எப்போதோ காலாவதி. ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடிப்பார்கள்.

ஆகஸ்ட் 14

கீழே ஜீப் சத்தம். ஓடலாம் என்றால் இடுப்பு வேண்டுமே! விறகுக்குப் பின்னால் ஒளிந்தேன். சிமெண்டு ஏற்றி வந்தவனாம். யமீனா சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

ஆகஸ்ட் 20

கஞ்சா வழக்குக்காரர்களுக்கு அரச மன்னிப்பு என்கிறது ரேடியோ. சித்தப்பா மகன் ஸல்லாம் மூச்சிரைக்க மலையேறி வந்தான். "இனிமே ராஜா மாதிரி நடடா!"

நடக்கவா? வலை விரிக்கிறார்களோ?

செப்டம்பர் 3

நம்பவில்லை.

செப்டம்பர் 24

ஸல்லாம்தான் போலீஸ் கச்சேரிக்கு இழுத்துப்போனான். பட்டியலில் என் பெயர் இருந்தது. புது அட்டையும் வந்துவிட்டது. போட்டோவில் திருட்டு முழி.

அக்டோபர் 2

தெத்துவான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடிப் போலீஸ்காரன் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான். எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இடுப்பு எலும்பு ரத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறதாம். வெட்டி எடுத்து உலோக மூட்டு வைப்பார்களாம். பதினேழாம் தேதி.

அக்டோபர் 14

மயக்க மருந்து டாக்டர், இல்ஹாம் என்று பெயர், சின்னப் பெண். "வலிக்கு என்ன சாப்பிடுறீங்க, ஹாஜி?"

ஹாஜியாம்! மக்கா எங்கே, நான் எங்கே? வாரச்சந்தைக்கே போகாதவன்.

"ஒண்ணுமில்ல."

"கீஃப், லேகியம் ஏதாவது? மறைக்காதீங்க. அது தெரியாம மருந்து குடுத்தா ஆபரேஷன் நடுவுலயே முழிச்சுக்கலாம். உயிருக்கே ஆபத்தாகலாம்."

அவள் கையில் பேனா. அதையே பார்த்தேன்.

"அல்லா மேல சத்தியமா இல்ல."

யமீனா என் தொடையில் கிள்ளினாள்.

அக்டோபர் 16

வார்டில் படுத்திருக்கிறேன். நாளைக்கு ஆபரேஷன். பொய்ச் சத்தியம் வேறு.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள் யமீனா.

"சொன்னா காகிதத்துல ஏறும்டி. காகிதத்துல ஏறினா—"

"ஏறட்டும். ஜெயில்ல போட்டா ரொட்டி கொண்டுவந்து குடுப்பேன். செத்துட்டா மையவாடிக்கு என்னத்தைக் கொண்டுவர்றது?"

பயமா இருக்கு. கத்திக்கா, பேனாவுக்கா? ரெண்டுக்கும்தான். யா ரப்பி!

அக்டோபர் 17

கூப்பிடுகிறார்கள்.

அக்டோபர் 19

உயிரோடு இருக்கிறேன்.

அன்றைக்குச் சீருடைக்காரன் ஒருவன் "மொஃபத்தல்!" என்று என் பெயரைக் கத்தியதும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். தள்ளுவண்டிக்காரன்தான். ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் டாக்டர் இல்ஹாம் நின்றாள்.

"முதல்ல பேனாவைக் கீழ வைங்க" என்றேன்.

வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் எத்தனை உருண்டை, கடைசியாக எப்போது. அவள் திட்டவில்லை. பேனாவை எடுத்து, என் கண் முன்னாலேயே எழுதினாள். யாரும் வரவில்லை.

இப்போது கட்டில் காலடியில் அட்டை தொங்குகிறது. மேலே என் பெயர், கீழே சிவப்பு மையில் 'கீஃப்'. போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கிறார்கள். யமீனா துண்டைப் போட்டு அதை மூடப் போனாள்.

இருக்கட்டும் விடு என்றேன்.