கோப்பைகளுக்கு ஓர் அறை

ஜொகூர் பாரு. செவ்வாய், 9 அக்டோபர் 1934. விடாத மழை.

கல்லூரியில் கட்டப்போகும் விளையாட்டுக் கட்டடத்தின் வரைபடத்தை இன்று மேசைமேல் விரித்தார்கள். முன்னால் விருந்தினர் தேநீர் குடிக்கப் பெரிய கூடம், கடல் பார்த்த வராந்தா. நான் ஓட்டம் பழக்கும் மாணவர்கள் ஓடிவிட்டு வந்து குளித்து உடை மாற்றும் அறையைத் தேடினேன். இல்லவே இல்லை.

படம் வரைந்த அருளப்பனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"இருந்துச்சு சார். பந்தயத்துல ஜெயிச்ச கோப்பை வைக்கிற கண்ணாடி அலமாரிக்கு எடம் பத்தலன்னு பிரின்சிபால் தொரதான் கோடு போட்டு அடிச்சிட்டாரு."

துரையிடமே போய்க் கேட்டேன். பின்னால் கிணறு இருக்கிறதே, பையன்களுக்குப் பழக்கம்தானே என்று சிரித்தார்.

அத்தனை கோப்பையும் என் மாணவன் செல்வராஜு ஓடி வாங்கியது. அவனோ இந்த மழையில் கிணற்றடியில் நின்று, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு காற்சட்டை மாற்றுகிறான். கோப்பைமேல்தான் ஈரம் படக்கூடாதாம்!

இருக்கட்டும். திறப்பு விழா அன்று ஓட்டம் முடிந்ததும் பையன்களை முன்படிக்கட்டிலேயே வரிசையாக நின்று உடை மாற்றச் சொல்லப் போகிறேன். என் வேலை போனால் போகட்டும். துரைமாரும் துரைசாணிமாரும் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கட்டும்.