கரைச் சரிவுக்கு நாங்கள் போட்ட கொங்கிறீற்று

என் அன்பு மரியம்மாவுக்கு,

இது நானே என் கையால் எழுதுகிற கடிதம். கோவில் மண்டப வகுப்பில் எழுதப் பழகி நாலு மாதமாகிறது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. முதற்கடிதம் உனக்குத்தான்.

கடற்கரையிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு ஏறும் சரிவு நினைவிருக்கிறதா? மழைக்குள் மீன் கடகப் பெட்டியோடு வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மீன் கொட்டுப்பட்டுப் போச்சே" என்று அழுதாயே, அதே சரிவு. அதன் பிறகு கண்மூடும்வரை நீ நிமிர்ந்து நடக்கவேயில்லை. இப்போது அதற்குக் கொங்கிறீற்றுப் போட்டுவிட்டோம்!

சீமெந்து நாளைக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாத காலம் இது. கிடைத்ததை வைத்து உன் தம்பி சூசைதான் மேசனாக நின்றான். கலவை இறுக்கமாக இருந்தது. கிளறக் கை நொந்து, இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றப் போனேன்.

"அத்தான், வாளியை வையுங்கோ! தண்ணி கூடினால் உது சரிவில நிக்காது. எங்களுக்கு முன்னம் கடலுக்குப் போயிடும்."

கலவை வழியாமல் சரிவின் அடியில் பலகை அடித்து, கீழிருந்து மேலாகக் கொட்டி இடித்துக்கொண்டே ஏறினோம். சூசை தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம், வள்ளத்தின் அடியைப் போல முழுவதையும் நான் தேய்த்து மினுக்கிவிட்டேன். எனக்கோ பெரிய பெருமை. மீன் விற்கிற திரேசா வந்து பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணை, உது வள்ளம் இறக்கவோ, ஆக்கள் ஏறவோ? மழை பெய்தால் நாங்கள் வழுக்கித் திரும்பக் கடலுக்குத்தான் போவம்."

உன்னை விழுத்திய வழுக்கலை நானே திரும்பச் செய்துவிட்டேனே! ஓடிப்போய்ப் பழைய வலையொன்றை எடுத்துவந்து ஈரக் கலவையின் மேல் விரித்தேன். சூசையும் வந்து சேர, பலகையால் அமத்தி, மெதுவாக வலையைக் கிளப்பினோம். சரிவு முழுக்க வலைக் கண்கள். கால் நன்றாகப் பிடிக்கிற சொரசொரப்பு.

"அத்தான், உந்த வித்தையை எனக்கு ஒரு மேசனும் காட்டேல்லை" என்றான் சூசை. உன் தம்பி என்னைப் புகழ்ந்ததை நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

ஒரு கிழமை ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். முதல் மழையில் திரேசா நிறைந்த கடகத்தோடு ஏறினாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிவழியில் நின்றுவிட்டாள்.

"ஏன் அண்ணை உப்பிடிப் பாக்கிறியள்? நான் விழுவன் எண்டோ?"

"இல்லைப் பிள்ளை, நீ நட."

நடந்தாள். காலடியைக் குனிந்துகூடப் பார்க்காமல் மேலே ஏறிச் சந்தைக்குப் போய்விட்டாள்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் பாசி பிடிக்காமல் அதை நானே உரஞ்சிக் கழுவுவேன். என் கையில் பலமிருக்கும்வரை அங்கே ஒருத்தியும் விழமாட்டாள், மரியம்மா.

உன்னைக் கைப்பிடித்த மனுசன்,
அந்தோனி