உன் மேசையின் காலை அறுத்துவிட்டோம், தம்பி

என் பிடிவாதக்காரத் தம்பி தயாளனுக்கு,

ராகலைப் பக்கம் மழை விட்டுப் பனிமூட்டம் பிடித்திருக்கிறது. நீ போன பிறகு அம்மா அதிகம் பேசுவதில்லை. நான் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்கிறேன், தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். வீடு திரும்பினால் வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் நிற்கும் உன் மேசையைப் பார்க்காமல் அடுப்படிக்குள் நுழைந்துவிடுவேன். இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. மேசை அங்கே இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் சட்டைக்குப் படம் அச்சடிக்கிற கடையில் இருந்தவன், ஒரு நாள் பையோடு வந்து நின்றாய். "இனி அங்க போக மாட்டேன்க்கா. இங்கயே மேச போட்டு அடிக்கப் போறேன்" என்றாய். இடிந்த லயத்து வீடொன்றின் கதவுதான் உனக்கு மேல்பலகை. வலைத்துணி கட்டிய சட்டத்தைத் தூக்கி இறக்க, பழைய ஜன்னல் பிணைச்சல்களை முடுக்கினாய். சாயத்தை ரப்பர் பட்டையால் இழுத்தால் வலை வழியாகப் படம் துணியில் இறங்கும் என்று எனக்குக் காட்டினாய். முதலில் நாசமானது என் சட்டைதான், மறந்துவிடாதே.

கழுவின தண்ணீர் சாக்கடைக் கானுக்கு ஓடட்டும் என்று நம் இஸ்தோப்புத் தரையைச் சரித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். "தரையத் திருத்த முடியுமாக்கா? மேசையத்தான் திருத்தணும்" என்று, கான் பக்கத்துக் கால்களை நெட்டையாகவும் சுவர்ப் பக்கத்துக் கால்களைக் குட்டையாகவும் அறுத்தாய். மேலே தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தாய். தண்ணீர் ஒரு பக்கமும் சாயாமல் நின்றதும் ஊரை வென்றவன் போல் சிரித்தாய். அந்த மேசை வேறு இடத்துக்குப் போகும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தானே கூட்டாளிகளுக்கு வாக்குக் கொடுத்தாய்? "இந்த வருஷம் அம்மன் தேர் இழுக்கிற எல்லாருக்கும் சட்டை நம்ம மேசையிலதான்." சூலம் வரைந்து வலையிலும் ஏற்றிவிட்டாய். அப்புறம் ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபத்தாறு வயதில் உனக்கு என்ன அவசரம், தயாளா?

கருமாதி முடிந்து, திருவிழா நெருங்கியபோது சிவா வந்தான். உன்னோடு கதவைச் சுமந்து வந்த அதே சிவாதான். "அக்கா, அவன் சொன்ன சொல்லு. நாங்க அடிச்சுக் குடுத்துர்றோம்" என்றான். மறுநாளே கோயில் கமிட்டித் தலைவர் முத்தையா மாமா வந்து வாசலோடு நின்றார்.

"கோவிச்சுக்காதம்மா. வருஷம் திரும்பாத வீடு. இங்க அடிச்ச சட்டையப் போட்டுக்கிட்டுத் தேரத் தொட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க. டவுன்ல குடுத்துருவோம்."

எனக்கு வந்ததே கோபம்! "எங்க வீட்டுக் கண்ணீரு அம்மனுக்குத் தீட்டாப் போச்சா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன் பெட்டியை மயானத்துக்குத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கடைசியில், "வீட்டுக்கு வெளிய வச்சு அடிக்கட்டும். நீ தொடாதம்மா, பயலுக அடிக்கட்டும். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மேசையைப் பழைய பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப் போனார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போன கட்டடம், புதியது கட்டியதிலிருந்து சும்மா கிடக்கிறது. அங்கே சிமெந்துத் தரை, நல்ல மட்டம். அந்த மட்டத்தில் உன் மேசை சரிந்து நின்றது. சாயம் ஒரு பக்கமாக வழிந்து சூலத்தின் அடி அப்பிப் போனது. குட்டைக் காலுக்குச் செங்கல் வைத்தார்கள். ரப்பர் பட்டையை இழுத்த வேகத்தில் மேசை நழுவியது. இன்னும் இரண்டு நாளில் சட்டை ஆகாவிட்டால் வேலை டவுனுக்குத்தான் போகும். சிவா மரம் அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு, தள்ளி நின்ற என் முகத்தைப் பார்த்தான்.

நெட்டைக் காலை அறுத்தால் சரியாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு நம் இஸ்தோப்பில் அது ஒழுங்காக நிற்காது. "தொடாதீங்கடா!" என்று கத்திவிட்டேன். நம் வீட்டுக்கென்று நீ அளந்து செய்தது. அதையும் அறுத்துவிட்டால் உன்னுடையது என்று எங்களுக்கு என்ன மிச்சம்?

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அறுக்கச் சொல்லு."

"என்னம்மா சொல்றீங்க?"

"எம்புள்ள வேல செய்யத்தான் மேச செஞ்சான். நம்ம வச்சுக் கும்புட்டுக்கிட்டு இருக்கவா செஞ்சான்?"

நீ போனதிலிருந்து அம்மா இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. திரும்பிப் போய், "அறுங்கடா" என்றேன். வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், போகவில்லை. கடைசிவரை நின்று பார்த்தேன். உன் கை பட்ட மரம், வலித்தது தம்பி.

நேற்றுத் தேர் வந்தது. வருஷம் திரும்பாத வீடு என்பதால் நாங்கள் அர்ச்சனைத் தட்டு எடுக்கவில்லை, வாசலுக்கும் வரவில்லை. அம்மா ஜன்னலோரம் நின்றார். மேளம் நம் லயத்துக்கு நேராக வந்தது. மஞ்சள் சட்டை, சிவப்புச் சூலம், வடம் பிடித்த ஒவ்வொரு பையனுடைய நெஞ்சிலும். முத்தையா மாமாவும் அதைத்தான் போட்டிருந்தார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எல்லாப் பயலும் நம்ம வீட்டுச் சட்டையத்தான்டி போட்டுருக்கான்."

மேசையை இனி வீட்டுக்குக் கொண்டு வர மாட்டேன். அது வெளியிலேயே நின்று வேலை செய்யட்டும். சிவாவிடம் நானும் அச்சடிக்கப் பழகுகிறேன். வருஷம் திரும்பியதும் அம்மன் தேருக்கு அடிக்கிற முதல் சட்டையை என் கையால் அடிப்பேன், எவர் வந்து வாசலில் நின்றாலும் சரி. இது அக்கா உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா