ஏற்கெனவே விடையளிக்கப்பட்ட கேள்வி

நம் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நீ உட்காரும் நாற்காலிக்கு எதிரே இப்போது ஒரு டேப்லெட் இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் பேரவைக்குக் காகிதம் கிடையாது. கேள்வி, பதில், மசோதா எல்லாம் இதில்தான். நீ ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே வந்துவிட்டது. நேற்று காலை உன் கல்லறைப் பாதைக் கேள்வியை அதில் ஏற்றினேன். விரலை எடுப்பதற்குள் திருப்பி அனுப்பிவிட்டது. 'ஏற்கெனவே விடையளிக்கப்பட்டது' என்று சிவப்பில் ஒரு வரி. எரிச்சலில் அந்தச் சனியனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். உன்னிடம் சொல்லி அழவேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தறியை விட்டு ஓடிவந்தவன். நீ தாமல் பக்கத்துக் காலனியிலிருந்து பேருந்தில் காஞ்சிபுரம் வருவாய். எம்.எல்.ஏ. மாறினாலும் நம்மை மாற்றவில்லை; கேள்வி எழுத ஆள் வேண்டுமே. எதைக் கேட்டாலும் 'அரசு முன்வருமா?' என்று பணிவாக முடிக்கவேண்டும். அதை எழுதும்போதெல்லாம் நீ முனகுவாய்: "பொணத்த எடுத்துக்கினு போக வழி கேக்கறோம். இதுக்கும் கெஞ்சணுமாபா?"

உங்கள் காலனியிலிருந்து கல்லறைக்குப் போகப் பாதை இல்லை. நடுவில் அடுத்தவர் வயல். மழைக்காலத்தில் ஏரி வழிந்தால் வயலும் தெரியாது, வரப்பும் தெரியாது. பேரவையில் கேட்டால் ஒவ்வொரு முறையும் வரும் பதில் ஒன்றுதான்: 'தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை.'

கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கக்கூடாது என்று விதி. நீ அசரவில்லை. அறுந்த இழையைப் பிணைத்து மேலே நெய்கிற மாதிரி, சொல்லை மாற்றித் திரும்ப அனுப்புவாய். இடுகாடு என்று போனது அடுத்த கூட்டத்தொடரில் மயானம் என்று போகும், பாதை சிறுபாலமாகிவிடும். பேரவைச் செயலகத்தில் கட்டுக்கட்டாகக் காகிதம், பழசை யார் தேடிப் பார்ப்பார்கள்? கேள்வி உள்ளே போய்விடும். போனால் பதில் எழுதுவதற்காகவாவது ஓர் அதிகாரி வந்து அந்த இடத்தில் காலை வைப்பார். ஒருமுறை சர்வேயர் வந்து கல்கூட நட்டார். அன்று என்னை இழுத்துக்கொண்டுபோய் பிரியாணி வாங்கிக்கொடுத்தாய். பிறகு ஒருநாள் பார்த்தால் கல்லைக் காணோம்.

இப்படிக் கண்ணாமூச்சி ஆடியே வேலை வாங்குவது உனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பேரவையை நவீனமாக்க யோசனை கேட்டபோது எம்.எல்.ஏ. பெயரில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியவன் நீ. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்பா. யாரு கேட்டாங்க, என்னா பதில் சொன்னாங்கன்னு தட்டுனா வரணும். லைவ்ல காட்டணும். அப்புறம் எவனும் தப்பிச்சிக்க முடியாது" என்றாய். "முதல்ல நம்ம கேள்விதான் மாட்டும்பா" என்றேன் நான். "மாட்டட்டும். அவங்க பதிலும் கூடவே மாட்டிக்குமில்ல" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உன்மேல் கோபம்தான் வருகிறது.

நீ போனது ஐப்பசியில், ஏரி வழிந்துகொண்டிருந்த நேரத்தில். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினோம். தொடைவரை தண்ணீர், அடியில் சேறு. முன்னால் போனவருக்குக் கால் சறுக்கிப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரையில் நின்ற உன் மனைவி, "மெதுவாண்ணா! அவருக்குத் தண்ணின்னா பயம்!" என்று கத்தினாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே அடங்கிப்போனார்கள்.

இப்போது கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. தேநீர்க் கடையில் போட்டால், "கிரிக்கெட் வைப்பா" என்கிறார்கள். நீ சொன்னபடியே, தட்டினால் பழைய பதிலும் வந்து நிற்கிறது. அது நிற்பதால்தான் நம் கேள்வி உள்ளே போக மறுக்கிறது. சொல்லை மாற்றிப் பார்த்தேன். நிலத்தின் சர்வே எண்ணை வைத்துப் பிடித்துவிடுகிறது. 'பரிசீலனையில் இல்லை' என்பதும் அதற்கு ஒரு விடைதான். விடை வந்துவிட்டால் கதை முடிந்தது. சென்னையில் பேரவைச் செயலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்: "சிஸ்டம்ல க்ளோஸ் ஆயிருக்கு சார். அடுத்த தேர்தல் முடிஞ்சி புது பேரவை வந்தாத்தான் மறுபடி போட முடியும்." அதற்குள் எத்தனை மழை பெய்யும் என்று அவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? யாரும் தப்பிக்க முடியாது என்றாயே, எல்லோரும் தப்பித்துவிட்டார்கள். உன் காலனி மட்டும்தான் மாட்டிக்கொண்டது.

மாலையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவிக்கு உடம்பு சரியில்லை. சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிறாள், முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. "கேள்வி போச்சாண்ணா?" என்றாள். போகவில்லை என்றேன். ஏன் போகவில்லை என்பதையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"பரவால்லண்ணா, வுடு. நானு வெயில் காலத்துலயே போயிடறேன். தூக்கறவங்களுக்குச் செரமம் இருக்காது."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். உன் பெட்டியையாவது அன்றைக்குக் கல்லறையில் இறக்கிவைத்தேன். இதை எங்கே இறக்கிவைப்பேன், சொல்.